வாசலில் காவல், வீட்டிற்குள் வியாதி

அந்நிய தேசத்திலிருந்து ஒரு நாய் இந்தியாவுக்குள் பிரவேசிக்க வேண்டுமானால், அதற்கு விதிக்கப்பட்டுள்ள நிபந்தனைகள் கொஞ்சமல்ல. புறப்படும் தேசத்துச் சர்க்கார் கால்நடை வைத்தியரின் ஆரோக்கிய அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி, பிரயாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னதாகவும் பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்டும் போடப்பட்டிருக்க வேண்டும். சென்னை, மும்பை போன்ற குறிப்பிட்ட வாயில்களின் வழியே மட்டும் அது வரலாம். அங்கே சர்க்கார் வைத்தியர் பரீக்ஷித்து அனுமதித்த பிறகே சொந்தக்காரர் வீட்டிற்குப் போகலாம். 1898-ம் வருஷத்திய கால்நடை இறக்குமதிச் சட்டம் இவற்றுக்கெல்லாம் ஆதாரம்.

இவ்விதிகளை நாம் குறை கூறவில்லை. நம்மிடம் இல்லாத வியாதிகள் உள்ளே நுழையாமல் தடுப்பது எந்தச் சர்க்காருக்கும் கடமையே. நமது கேள்வி வேறு. வாசலில் இவ்வளவு காவல் வைத்தவர்கள், வீட்டிற்குள் ஏற்கெனவே குடியிருக்கும் வெறிநோயை என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் சரித்திரம் இவ்விஷயத்தில் படிப்பினை தருவது. அத்தேசத்தார் 1897-ல் அந்நிய நாய்களுக்குத் தடுப்புக்காவல் விதித்தார்கள். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. உள்நாட்டு நாய்களுக்கு வாய்ப்பூட்டு போடவும் கட்டாயப்படுத்தினார்கள். 1902-ல் வெறிநோய் அங்கே அடியோடு ஒழிந்தது. 1918-ல், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாய்களால் அது மீண்டும் தலைகாட்டியது. 1922-க்குள் அதையும் ஒழித்தார்கள். உள்ளே சுத்தம் செய்தவனுக்கே வாசற்காவலால் பூரண பலன் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இனிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்புவோம். கல்வராயன் மலையில் வசிக்கும் மலையாளி ஜனங்கள் வெகுகாலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தவர்கள். 1976-ல்தான் அம்மலை நேரே சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆயிற்று. 2022-ல் அதற்கு ஒரு வைத்தியக் கல்லூரியும் கிடைத்தது. இவை நல்லவையே. ஆனால் கல்லூரி இருப்பது சமவெளியில். நாய் கடிப்பதோ மலையில்.

வெறிநாய்க்கடியில் தூரமே எமன். முற்காலத்தில் சென்னை ராஜதானியில் கடிபட்டவன் வடகோடியிலுள்ள கசௌலிக்குப் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. அக்குறையை நீக்கவே 1907-ல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. வயிற்றைச் சுற்றிப் போடும் பழைய ஊசிகளும் 2004-ம் வருஷ இறுதியோடு கைவிடப்பட்டன. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அவை இலவசம். கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஊசி போட்டு, ஆழ்ந்த காயமானால் அதிலேயே நோயெதிர் மருந்தையும் செலுத்தினால், உயிர் தப்புவது ஏறக்குறைய நிச்சயம். நோய்க்குறி தோன்றிவிட்டாலோ, மரணமும் அவ்வாறே நிச்சயம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது மலைப்பாதையும், ஒருநாள் கூலியும், மிளகாயும் சுண்ணாம்பும் அப்பினால் போதும் என்னும் அறியாமையுமேயாம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு வருஷந்தோறும் ஊசி போட்டால் நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் முடிவு. நம் தேசத்திலேயே கோவாவில் 2013 முதல் இவ்வேலை நடந்து, 2018 தொடங்கிச் சில வருஷங்கள் ஒரு மனித உயிர்கூட இந்நோயால் போகவில்லை. நாய்களைக் கொன்று தீர்ப்பதால் பயனில்லை. கொன்ற இடத்தில் ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதாக இந்திய சர்க்கார் 2021 செப்டம்பரில் ஒரு தேசியத் திட்டத்தையும் வெளியிட்டிருக்கிறார்கள். காகிதத்தில் குறைவொன்றும் இல்லை.

ஆகையால் நாம் கேட்பது மூன்றே. வெள்ளிமலை முதலிய மலையூர்களில் வருஷந்தோறும் தவறாமல் நாய்களுக்கு ஊசி போடும் முகாம் நடக்க வேண்டும். மலைமேலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி மட்டுமின்றி, ஆழ்ந்த காயத்துக்கான நோயெதிர் மருந்தும் எந்நேரமும் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காயம் கழுவும் முறையைக் கற்பிக்க வேண்டும். நமது தொண்டர்கள் இவற்றை மகஜரில் எழுதியதோடு திருப்தியடையலாகாது. கிராம சபைகளில் எழுந்து கேட்க வேண்டும். முகாம் நடக்கும் நாளில் நாய்களைப் பிடித்துக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.

ஆகாய விமானத்தில் வந்திறங்கும் சீமை நாய்க்கு ஒரு ஊசி அவசியம் என்று சட்டம் சொல்கிறது. கல்வராயன் மலையில் ஒரு குழந்தையின் குடிசை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அதே ஊசி அவசியம் என்பதைச் சொல்ல, இன்னும் எந்தச் சட்டம் வரவேண்டும்?