மெக்கானிக்கின் நேரமும் நம் ஞாயிறும்



பாடியிலிருந்து சி.டி.எச். சாலையில் மேற்கே அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் என்று போகும்போதும், பூந்தமல்லியில் கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கம் போகும்போதும், தெருவுக்கு ஒரு தகரக் கொட்டகை கண்ணில் படும். வாசலில் நாலைந்து பைக்குகள், உள்ளே இன்ஜின் பிரிக்கப்பட்ட ஒரு வண்டி, அதன் அருகே குந்தியிருக்கும் ஒரே ஒரு மெக்கானிக். அவருக்கு முதலாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. எல்லாம் அவரே.

இந்தப் பகுதிக்குப் பெரிய தொழிற்சாலைகள் வந்த கதை நமக்குத் தெரியும். 1949ல் டி.ஐ. சைக்கிள், 1961ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அந்தப் பெரிய ஆலைகளில் நேரத்தைக் காப்பதற்குச் சங்கு உண்டு, ஷிப்டு உண்டு, சூப்பர்வைசர் உண்டு. தனியாளாகக் கடை நடத்துபவருக்கு இவை ஒன்றும் இல்லை. யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கே அன்றைய நேரம் போய்விடுகிறது. காலை எட்டரைக்குத் திறந்த கடையை இரவு பத்துக்கு மூடும்போது, நாள் முழுக்க உழைத்தும் சொன்ன வேலை எதுவும் முடியவில்லையே என்ற மனச்சோர்வுதான் மிஞ்சுகிறது. நம் பங்குகளில் இப்படிப்பட்ட சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களிடம் வண்டி விடும் நமக்காகவும் இந்தச் சிந்தனை.

கைத்தொழில் செய்வோரைப் பற்றித் திருவிவிலியத்தில் மிக அழகாகப் பேசும் பகுதி சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம். உழுபவர், முத்திரை செதுக்குபவர், கொல்லர், குயவர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் பட்டறையிலேயே போய்ப் பார்த்தவர் போல ஆசிரியர் எழுதுகிறார். கொல்லரின் உடலை நெருப்பின் அனல் வாட்டுவதையும், சம்மட்டிச் சத்தம் காதைத் துளைப்பதையும்கூட அவர் விடவில்லை. இவர்கள் இல்லாமல் எந்த நகரமும் குடியிருக்கத் தகுந்ததாகாது என்கிறார். அவர்களுடைய தொழிலே அவர்களுடைய மன்றாட்டு என்ற கருத்தோடு அந்தப் பகுதி முடிகிறது. கிரீஸ் படிந்த கைகளோடு வேலை செய்யும் நம் சகோதரர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

தொழிலே மன்றாட்டு என்றால், அதில் கொடுக்கும் வாக்கும் மன்றாட்டின் பகுதிதான். 'சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்' என்று மெக்கானிக் சொல்கிறார். நம்பிக்கையோடு வருபவரிடம் 'நாளைக்குக் கண்டிப்பா' என்கிறார். இதை யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. ஆனால் அந்த வண்டியின் சொந்தக்காரர் உணவு டெலிவரி செய்யும் இளைஞராக இருந்தால் அவருடைய ஒருநாள் வருமானம் போயிற்று. எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போவது சிக்கலாயிற்று. 'ஆம்' என்றால் ஆம் ஆகவும், 'இல்லை' என்றால் இல்லை ஆகவும் இருக்கட்டும் என்ற பொருளில் ஆண்டவர் மலைப்பொழிவில் பேசியது (மத் 5:37) நீதிமன்றச் சத்தியத்துக்கு மட்டுமன்று, டெலிவரி நேரத்துக்கும் பொருந்தும். நேர நிர்வாகம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். தனியாள் மெக்கானிக்குக்கு அது முதலில் 'இன்று முடியாது' என்று உண்மையைச் சொல்லும் துணிவு.

அந்தத் துணிவு வர வேண்டுமானால், தன் நேரம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்தினால் கார்டைன் பெல்ஜியத்தில் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்துக்கு ஒரு எளிய வழிமுறை உண்டு: பார், ஆராய்ந்து தீர்ப்பிடு, செயல்படு. திருத்தந்தை 23ம் யோவான் 1961ல் வெளியிட்ட 'மாத்தர் எத் மஜிஸ்திரா' சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார். இதைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வாரம், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கையில் எடுத்தது, எப்போது விட்டது, எதற்காக நிறுத்தியது என்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் ஸ்பேனர் பிடித்த நேரம் எவ்வளவு, போன் பேசிய நேரம் எவ்வளவு, ஒரு கிளட்ச் கேபிளுக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அலைந்த நேரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், டியூப், பல்பு, பியூஸ் ஆகியவற்றை அடிக்கடி வரும் வண்டிகளுக்கு ஏற்பக் கையிருப்பில் வைத்தாலே பல நடை குறையும். அரிய சாமானுக்காகப் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகத்தான் வேண்டுமென்றால், பட்டியல் சேர்த்து ஒரே நடையாகப் போவது நல்லது. ஆவடியிலிருந்து அங்கே போய்வந்தால் அரைநாள் போய்விடும் அல்லவா!

வேலையை அடுக்கும் முறையிலும் நேரம் ஒளிந்திருக்கிறது. டேப்பட் கிளியரன்ஸ் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆயிலை இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால்தான் அழுக்கோடு நன்றாக இறங்கும். ஆகவே இரவு கடையிலேயே தங்கிய வண்டியின் டேப்பட்டைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து சூடாக்கி ஆயிலைத் திறந்துவிடலாம். அது வடியும் நேரத்தில் அடுத்த வண்டியின் செயினை டைட் செய்துவிடலாம். பேட்டரி சார்ஜ் ஏறப் பல மணி நேரம் ஆகும் என்பதால் கடை திறந்ததும் அதை மாட்டிவிட வேண்டும். லேத் பட்டறைக்குப் போக வேண்டிய சிலிண்டர் பிளாக் காலையிலேயே போய்விட வேண்டும். மாலையில் கொடுத்தால் ஒருநாள் வீண். நல்ல மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் வாசலில் நாலு பேர் நின்று கூப்பிடும்போது தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

வாசலில் நின்ற கூட்டம் மோசேக்கும் இருந்தது. விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தில், காலைமுதல் மாலைவரை மக்கள் மோசேயைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்த அவருடைய மாமனார் இத்திரோ, நீ செய்வது சரியில்லை, இப்படிப் போனால் நீயும் தளர்ந்துபோவாய், மக்களும் தளர்ந்துபோவார்கள் என்று கண்டிக்கிறார். மருமகனின் பக்தியைப் பாராட்டிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. சிறிய வழக்குகளைப் பார்க்க வேறு ஆட்களை நியமிக்கச் சொல்கிறார். நம் மெக்கானிக்குக்கு நியமிக்க ஆள் இல்லைதான். ஆனாலும் பஞ்சரைப் பக்கத்துப் பஞ்சர் கடைக்கும், வாட்டர் வாஷை அதற்கென்றே இருக்கும் கடைக்கும் அனுப்பிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் பியூயல் இஞ்செக்ஷன் வந்துவிட்டது. அதில் கோளாறு கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். அது இல்லாமல் மூன்று மணி நேரம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதைவிட, ஸ்கேனர் வைத்திருக்கும் தொழில் நண்பரிடம் அனுப்புவது அவமானமன்று.

சரி, அவசரமாக ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது என்று ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிறார். கிறிஸ்தவன் 'நாளைக்கு வா' என்று சொல்லலாமா? நல்ல சமாரியர் உவமையில் (லூக் 10) நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் காயம்பட்டவருக்கு உடனடியாகச் செய்ய வேண்டியதைச் செய்தார், சத்திரத்தில் சேர்த்து அன்று உடனிருந்தார், மறுநாள் சத்திரக்காரரிடம் பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டு, திரும்பி வருவதாகச் சொல்லித் தம் பயணத்தைத் தொடர்ந்தார். அவசர வண்டிக்கும் அதுதான். ஓடும் அளவுக்கு உடனே சரிசெய்து அனுப்பிவிட்டு, மீதி வேலைக்கு வேறு நாள் குறித்துக் கொடுக்கலாம். இதற்காகவே காலையில் ஒரு அரைமணியும் மாலையில் ஒரு அரைமணியும் எந்த வண்டிக்கும் வாக்குக் கொடுக்காமல் காலியாக வைப்பது நலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் சுற்றுப்புறங்களையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். இப்படிப்பட்ட வெள்ளம் வடிந்ததும் மெக்கானிக் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிக்கர் அடித்தோ செல்ப் போட்டோ கிளப்பப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் போல ஆகியிருக்கும். அப்படியே விட்டால் உள்ளே துரு ஏறும். அத்தகைய நாளில் முதல் வண்டியை முழுதாக முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொடுவேன் என்பது நேர்மையாகத் தோன்றினாலும் வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அநீதி. எல்லா வண்டிகளிலும் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, பழைய ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயில் கொஞ்சம் ஊற்றிக் காப்பாற்றி வைப்பது முதல் நாள் வேலை. முழு சர்வீஸ் அதன்பிறகு வரிசைப்படி. யார் பணக்காரர், யார் தெரிந்தவர் என்று பார்க்காமல், யாருடைய பிழைப்பு அந்த வண்டியில் இருக்கிறது என்று பார்த்து வரிசை அமைப்பவர் பாக்கியவான்.

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொன்ன உவமை (லூக் 14:28-30) இன்ஜின் இறக்கும் வேலைக்கு அப்படியே பொருந்தும். பணமும் சாமானும் உறுதியாகாமல் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் தட்டில் கிடக்கும் போல்ட்டுகளைத் தேடுவதைவிட, பிரிக்கும் முன்பே எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்து, முன்பணம் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஓய்வுநாள் கட்டளை விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும் வருகிறது. முதலாவதில் காரணம், கடவுள் படைப்பை முடித்து ஓய்ந்தார் என்பது. இணைச்சட்டம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதை நினைவில் வையுங்கள் என்பது. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. விடுதலை பெற்றவருக்கு உண்டு. வேலையாளுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று ஓய்வு. தனக்குத் தானே முதலாளியாக இருப்பவருக்கு வரும் ஆபத்து, தனக்குத் தானே பாரவோனாகவும் ஆகிவிடுவது. மனிதர் வேலைக்காக அல்ல, வேலையே மனிதருக்காக என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ல் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடலில் எடுத்துரைத்தார். 1998ல் 'ஆண்டவரின் நாள்' என்ற திருத்தூது மடலையும் அவர் எழுதினார்.

ஆனால் இதைச் சொல்லி மெக்கானிக்கை மட்டும் குற்றம் காண்பது நியாயமாகாது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. வாரத்தின் நல்ல வருமானம் அவருக்கு அன்றுதான். அவரை அன்று கடை திறக்க வைப்பவர்கள் யார்? காலைத் திருப்பலி முடிந்து, ஆலய வாசலிலிருந்து நேராக அவர் கடைக்குப் போய், 'இன்னைக்கே வேணும், நாளைக்கு ஆபீஸ்' என்று நிற்பவர்களில் நாமும் உண்டு. நாம் திருப்பலி கண்டு வந்த அதே ஞாயிறை நம் சகோதரரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். வழிபாட்டுக்கும், ஆண்டவருடைய நாளுக்கு உரிய மகிழ்ச்சிக்கும், உடல் உள்ள ஓய்வுக்கும் தடையாகும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1247. தேவையில்லாமல் பிறரை அப்படிப்பட்ட வேலைக்கு உட்படுத்தக் கூடாது என்று மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. குடும்பத் தேவையால் ஞாயிறு சில மணி நேரம் திறந்தே ஆக வேண்டியவருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலி உண்டு. திருச்சபைச் சட்டம் 1248 அதை ஞாயிறு கடமையாகவே ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்டவர் வாரத்தில் வேறு ஒரு அரைநாளையாவது மனைவி மக்களோடு இருக்க ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கடன் சொல்வதும் நேரத் திருட்டுதான். 'சம்பளம் வந்ததும் தரேன் அண்ணே' என்று வண்டியை எடுத்துப் போகிறோம். அந்த ஐந்நூறு ரூபாயைக் கேட்க அவர் நாலு முறை போன் செய்ய வேண்டியிருக்கிறது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்டத்தின் கட்டளை (24:14-15).

அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசிப் பார்க்கலாம். ஒவ்வோர் அன்பியத்திலும் பத்துப் பதினைந்து வண்டிகளாவது இருக்கும். சர்வீஸ் நாளை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நாளில் குவியாமல், வார நாட்களில் மாலையில் வண்டியை விட்டு மறுநாள் மாலை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அன்று ஒருநாள் பஸ்ஸிலோ, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் பின்னாலோ வேலைக்குப் போய்விடலாம். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே 1க்கு 1955ல் ஏற்படுத்தினார் திருத்தந்தை 12ம் பயஸ். அந்தத் திருப்பலிக்கு நம் பங்கின் மெக்கானிக்குகளைத் தங்கள் ஸ்பேனர்களோடு வரச்சொல்லி, அவற்றைக் காணிக்கைப் பவனியில் கொண்டுவரச் செய்யலாம். அன்று அவர்கள் கடை திறந்தாக வேண்டிய நிலை வராதபடி, முந்தின வாரமே நம் வண்டிகளைக் காட்டி முடித்திருக்க வேண்டும்.