இலக்க மீட்டரில் வளைகோட்டைத் திருத்தும் முறை

மும்பையின் கிழக்குக் கரையிலுள்ள டிராம்பேயில், 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ‘அப்சரா’ அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய எலெக்ட்ரானிக் கருவிகளை டிராம்பே பொறியியலாரே அமைத்தனர். அப்பணியில் வளர்ந்த தொழில்திறனே, 1967-இல் ஐதராபாத்தில் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் தோன்றுவதற்கு அடிப்படையாயிற்று. அணு உலையாயினும் ஆலைக் கொதிகலனாயினும், வெப்பநிலையையும் நீரின் பாய்வையும் பிழையின்றி அறிதல் இன்றியமையாதது. ஆனால், உணர்கருவி தரும் மின்குறிப்பு பெரும்பாலும் அளக்கப்படும் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை.

பிளாட்டினத் தடை வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். பெருவழக்கிலுள்ள வகையின் மின்தடை, 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம். 200 டிகிரியில் 175.86 ஓம், 400 டிகிரியில் 247.09 ஓம். முதல் 200 டிகிரிக்கு 75.86 ஓம் உயரும் தடை, அடுத்த 200 டிகிரிக்கு 71.23 ஓம் மட்டுமே உயர்கிறது. 0, 400 ஆகிய இரு முனைகளில் மட்டும் மீட்டரைச் சரிசெய்து, இடைப்பட்டதை நேர்கோடு எனக் கொண்டால், உண்மையான 200 டிகிரியை அது 206.3 எனக் காட்டும்.

முள் மீட்டர்களில் அளவுகோலின் கோடுகளை நெருக்கியும் விரித்தும் வரைந்து இக்குறையை நீக்கினர். இலக்க மீட்டரிலோ அளவுகோலே இல்லை. ஆகவே வளைகோட்டைச் சிறு நேர்கோட்டுத் துண்டுகளாகப் பகுத்துத் திருத்துகின்றனர். 200 டிகிரியில் பிரித்து இரு துண்டுகளாக்கினால், மிகுதியான பிழை ஏறத்தாழ 1½ டிகிரியாகும். நான்கு துண்டுகளாக்கினால் 0.4 டிகிரியாகும். துண்டுகள் இருமடங்காகுந்தோறும் பிழை நான்கில் ஒன்றாகிறது. முன்னர் இதனை டையோடுச் சுற்றுக்கள் செய்தன. இன்று மீட்டரின் நினைவகத்திலுள்ள அட்டவணை செய்கிறது.

குழாயில் துளைத்தகடு வைத்துப் பாய்வை அளக்கும்போது பிழை இன்னும் பெரிது. தகட்டின் இருபுறமும் தோன்றும் அழுத்த வேறுபாடு, பாய்வின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகும். பாய்வு 50 விழுக்காடாயின், திருத்தப்படாத மீட்டர் 25 என்றே காட்டும். எனவே வர்க்கமூலம் காணல் வேண்டும். குறிப்பை அனுப்பும் கருவியே வர்க்கமூலம் கண்டிருக்க, மீட்டரும் மீண்டும் கண்டால், 50 என்பது 71 ஆகிவிடும். உலையைக் குளிர்விக்கும் நீர் பாதியாகக் குறைந்திருக்க, போதிய நீர் ஓடுவதாக ஊழியர் எண்ணுவது எத்துணை அபாயம்!

கள ஊழியர்கள், முதலில் மீட்டரைக் கட்டுப்பாட்டுப் பணியினின்றும் முறைப்படி விலக்குதல் வேண்டும். பின்னர் வெப்பமானிக்குப் பதிலாகத் தடைப்பெட்டியை இணைத்து, மேற்கூறிய மூன்று தடைகளையும் வைத்துப் பார்க்கலாம். முனைகள் சரியாக இருந்து நடுவில் பிழை தோன்றினால், திருத்தம் செயற்படவில்லை என்று அறியலாம். ஆசிரியர்கள், அம்மூன்று புள்ளிகளையும் மாணவரைக் கொண்டு வரைபடத் தாளில் குறிக்கச் செய்து, முதற்புள்ளியையும் இறுதிப்புள்ளியையும் அடிக்கோலால் இணைக்கச் செய்யலாம். நடுப்புள்ளி கோட்டுக்கு மேலே நிற்பதை அவர்கள் கண்ணாரக் காண்பர்.

எண் தெளிவாகத் தோன்றுவது வேறு. சரியாக இருப்பது வேறு.