மலைநாட்டார் அறிய வேண்டிய கடலடி உலகம்

கதிர்காம யாத்திரை செல்லும் ஊவா மக்கள் மாணிக்க கங்கையிலே நீராடாமல் திரும்புவதில்லை. அந்த ஆறு நமது மலைகளிலே பிறந்து வருகிறது என்பதைப் பலரும் அறிவர். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று சிந்திப்போர் சிலரே. யால வனத்தைக் கடந்து அது இந்து சமுத்திரத்திலே சங்கமமாகிறது. அந்தச் சமுத்திரத்தின் அடியிலும் மலைகள் உண்டு; பள்ளத்தாக்குகள் உண்டு; செங்குத்தான பாறைச் சுவர்களும் உண்டு. தேயிலை மலைகளில் ஏறி இறங்கிப் பழகிய நமது வாசகர்களுக்கு, நீருக்குள்ளே மலையிறங்கும் விந்தையை எடுத்துரைக்க விரும்புகிறோம். மலைநாட்டாருக்கென்றே உரிய ஓர் எச்சரிக்கையும் அதனுள் அடங்கியிருக்கிறது.

மூச்சைச் சுமந்து செல்லும் வித்தை

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் கல்லின் பாரத்தால் இறங்கி, ஒரு மூச்சு தாங்கும் அளவே கடலடியில் தங்கினர். 1943ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், பொறியியலாளர் எமில் கான்யானும் இக்குறையைத் தீர்க்க வழி கண்டனர். முதுகிலே சுமக்கும் உருளையில் காற்றை அழுத்தி அடைத்தனர். மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தரும் ஒரு வால்வை அதனுடன் பொருத்தினர். உருளையில் இருப்பது வெறும் பிராண வாயு என்று பலர் எண்ணுவர். சாதாரணமாக அதில் அடைக்கப்படுவது நாம் சுவாசிக்கும் காற்றேயாகும்.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பதை நாம் அறிவோம். ஆயிரம் மீற்றர் மலையிறங்கினால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கூடுகிறது. கடலிலோ பத்து மீற்றர் இறங்கியதுமே அழுத்தம் இருமடங்காகிவிடும்; முப்பது மீற்றரில் நான்கு மடங்காகும். காதைச் சமப்படுத்திக் கொண்டே பாறைச் சுவரை ஒட்டி இறங்குவோரின் கண்ணெதிரே முதலில் சிவப்பு நிறம் மறையும். பின் செம்மஞ்சளும் மஞ்சளும் மங்கும். முடிவில் எங்கும் நீலமே நிறையும். கையிலுள்ள விளக்கை ஏற்றியதும் மறைந்த நிறங்களெல்லாம் மீண்டும் ஒளிரும். விசிறி போல் விரிந்த பவள இனங்களும், பாறை இடுக்கிலிருந்து தலை நீட்டும் அஞ்சாலையும், அசையாது நிற்கும் கலவாய் மீனும் அப்போது காட்சி தரும்.

இராவணன் கோட்டை

ஊவாவிலிருந்து தெற்கே இறங்கினால், கிரிந்தைக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரத்திலே ஒரு பாறைத் தொடர் கிடக்கிறது. ஆங்கிலேயர் அதனைப் பெரிய பாசஸ் என்றனர். கரையோர மக்களோ மகா இராவணன் கோட்டை என்றனர். எல்லவிலே இராவணன் பெயரால் அருவியையும் குகையையும் கண்ட நமக்கு இப்பெயர் அந்நியமன்று. கப்பல்களுக்கு எமனாக விளங்கிய அப்பாறைமீது 1873இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. ஆண்டிலே சில வாரங்களே அங்கு கடல் அடங்கியிருக்கும்.

1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர் இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் அங்கு படம்பிடிக்க மூழ்கினார். அவர்கள் கண்டது பழைய கப்பலொன்றின் சிதைவு! அதிலே, ஔரங்கசீப் ஆட்சியில் சூரத்து நகரில் அச்சிடப்பட்ட வெள்ளி ரூபாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகக் கிடந்தன. வில்சனின் நண்பரும் எழுத்தாளருமான ஆர்தர் கிளார்க் இவ்வரலாற்றை 1964இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே இவ்விருவரும் திருகோணமலையில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் சுவாமி மலையின் அடிவாரக் கடலிலே கண்டிருந்தனர்.

புதையல் கண்ட வில்சன் பின்னாளில் செல்வத்தைத் துறந்தார். முருகனடியாராகிச் சுவாமி சிவ கல்கி என்னும் பெயர் பூண்டார். கடலடியில் வெள்ளியைக் கண்டவர் கதிர்காமத்துக் கந்தனை நாடியமை நம் சிந்தைக்குரியது.

கல்லன்று, உயிர்

பவளப் பாறை கல்லைப் போலத் தோன்றினும், அது கோடானுகோடி சிற்றுயிர்கள் சுண்ணாம்பினால் கட்டிய வீடாகும். அவ்வுயிர்களின் உடலினுள் வாழும் நுண்ணிய பாசிகளே வெயிலைக்கொண்டு அவற்றுக்கு உணவு ஆக்குகின்றன. கடல்நீர் மிகச் சூடேறினால் பாசிகள் நீங்கும், பவளம் வெளுக்கும், சூடு நீடித்தால் மடியும். 1998இல் இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஆழமற்ற இடங்களிலிருந்த பவளத்தின் பெரும்பகுதி இவ்வாறே அழிந்தது. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புறாத்தீவின் பவளம் அவ்வாண்டில் தப்பியது. சேறு கலந்த நீரும் பவளத்துக்குப் பகையே. ஆகவே, மலைச்சரிவின் மண்ணைக் காக்கும் கான்களும் கல்லணைகளும் தேயிலைக்கு மட்டுமன்றிக் கடலுக்கும் காவலாகின்றன.

சோடாப் புட்டி தரும் பாடம்

இனி, நாம் கூற வந்த எச்சரிக்கை. ஆழத்திலே அழுத்தம் மிகும்போது, சுவாசிக்கும் நைட்ரஜன் வாயு இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் புட்டியை மெல்லத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறும். சட்டென்று திறந்தால் நுரை பொங்கும். மனித உடலும் அத்தகையதே. ஆகையால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் மெல்ல ஏறி, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து, பின்னரே வெளிவருவர். ஏறும்போது மூச்சை அடக்குதல் ஆகாது. விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

கரையேறியபின்னும் நைட்ரஜனில் ஒரு பகுதி உடலில் எஞ்சியிருக்கும். கடலோரத்தில் வசிப்போருக்கு இதனால் பெரும் இடர் இல்லை. நமக்கோ வீடு மலைமேல் இருக்கிறது! எல்ல ஆயிரம் மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேலே. காலையில் மூழ்கி மாலையில் மலையேறினால், மேலே காற்றழுத்தம் குறைவதால் இரத்தத்திலே குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலி, மயக்கம், கைகால் முடக்கம், சில வேளை மரணமும் நேரலாம். ஆகாய விமானத்தில் ஏறுவோருக்கு வகுத்த விதியே மலையேறுவோருக்கும் தக்க பாதுகாப்பாகும்: ஒரு முறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் குறையாமல் தாழ்ந்த நிலத்திலே தங்குதல் வேண்டும்.

கடற்கரை விடுதிகளிலே தொழில் பார்க்கும் மலையக இளைஞரும், சுற்றுலாச் செல்லும் மாணவரும் இதனை மனத்திற் பதித்தல் நன்று. தக்க ஆசானிடம் பயிலாமல் எவரும் இவ்வித்தையில் இறங்கலாகாது. விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம், "கடலில் மூழ்கினாயா? எப்போது?" என்று பெற்றோர் முன்கூட்டியே கேட்டு வைப்பது நலம். கதிர்காமத்திலோ திசமகாராமையிலோ ஓரிரவு தங்கிப் பொறுமையாக வந்தால் மலை ஒன்றும் ஓடிவிடாது, வீடும் காத்திருக்கும்.