நெய்வேலியில் வேட்டை நாய்: அன்றும் இன்றும்

"காடை, கௌதாரி சுடப் போகிறேன். சுட்டு விழுந்ததைத் தேடி எடுத்துவர எந்த நாய் நல்லது?" அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருந்த ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். இன்று அதே மண்ணில், கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், அந்தக் கேள்வியின் முன்பாதி சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். எந்த நாய் நல்லது என்ற பின்பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் அன்று வேட்டைக்காரர்கள் கேட்ட அக்கறையோடு இன்று நாம் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை.

சுரங்க நகரியம் வருவதற்கு முன் இந்த வட்டாரம் செம்மண் மேடும் முந்திரித் தோப்பும் முட்புதருமாகக் கிடந்தது. பள்ளத்தில் ஏரிப் பாசன நெல்வயல்கள். மேட்டுப் புதரில் முயலும் கௌதாரியும். வயல் சேற்றில் உள்ளானும் நீர்க்கோழியும். சற்றுத் தள்ளிப் பெருமாள் ஏரி, அதற்கும் தெற்கே வீராணம் ஏரி. மழைக்காலம் முடியும்போது வலசை வாத்துகள் வந்து இறங்கும் நீர்நிலைகள் அவை. மேட்டுக்கு ஒரு வேட்டை, பள்ளத்துக்கு வேறொரு வேட்டை. அதனால் நாயும் வேறு வேறாகவே தேவைப்பட்டது.

துப்பாக்கி இல்லாத வேட்டையில் நாய்தான் ஆயுதம். புதரைக் கலைத்ததும் பாயும் முயலைக் கண்ணால் பிடித்து, வெட்டவெளியில் விரட்டி மடக்க வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இதற்கென்றே வளர்ந்த இனங்கள் சிப்பிப்பாறையும் கன்னியும். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், மோப்பத்தைவிடக் கூர்மையான பார்வை. காட்டுப்பன்றியை எதிர்கொள்ள வேண்டுமென்றால் ஓட்டம் மட்டும் போதாது. எலும்பும் தாடையும் துணிவும் வேண்டும். அதற்குக் கோம்பையும் ராஜபாளையமும் பேர் பெற்றிருந்தன. இந்த இனங்கள் கிடைக்காத ஊர்களில் நாட்டு நாய்களிலேயே ஓட்டக்காரனைப் பொறுக்கி எடுத்தார்கள். குட்டியின் நிறத்துக்கு முன் தாயின் ஓட்டத்தையும் கடுவனின் குணத்தையும் விசாரித்தார்கள். பிடித்த முயலைக் கிழித்துத் தின்கிற நாயிடம் அடுத்த ஈத்துக் குட்டி எடுக்க மாட்டார்கள். பிடித்ததை வாயில் கவ்வி ஆள் வரும்வரை நிற்கிற நாய்க்கே மதிப்பு.

துப்பாக்கி வேட்டை கேட்ட நாயோ முற்றிலும் வேறு. அது ஆளை முந்தி ஓடக் கூடாது. வெடிச் சத்தத்துக்கு மிரளக் கூடாது. பறவை எங்கே விழுந்தது என்று கண்ணால் குறித்துக்கொண்டு, ஏவும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஏவியதும் சேற்றிலும் கோரையிலும் மோப்பம் பிடித்துப் போய், இறகு கசங்காத மென்மையான வாயால் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும். இத்தனை குணமும் ஒரே நாளில் வந்தவை அல்ல. நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்நீரில் உழைத்த நாய்களின் வழியில் வந்தது லேப்ரடார். ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் நீர் ஸ்பேனியல் ஒன்றையும் இணைத்தார். அந்த வழியில்தான் கோல்டன் ரிட்ரீவர் உருவானது. அது தனி இனமாகப் பதிவேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் ஒவ்வொரு தலைமுறையிலும் வேலைக்கு ஆகும் குட்டியை மட்டும் எடுத்து இனத்தைக் கட்டினார்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஸ்பேனியல், பாயிண்டர், ரிட்ரீவர் நாய்களைக் கப்பலேற்றிச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்நாட்டு நாய்க்கு இந்த வெயிலும் உண்ணிக் காய்ச்சலும் ஒத்துக்கொள்ளவில்லை. நெல்வயலில் உள்ளான் சுடும்போது, விழுந்த பறவையைத் தேடிப் பொறுக்கும் வேலை பல இடங்களில் கூலிக்கு வந்த ஊர்ப் பிள்ளைகள் தலையில் விழுந்தது. பொருந்தாத நாயைக் கொண்டுவந்தால் அதன் சுமையை யாரோ ஒருவர் சுமக்க நேரும் என்பதற்கு இதுவே பழைய சான்று.

நெய்வேலியில் இந்த உலகம் மாறியதற்கு முதல் காரணம் சுரங்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் நீரோடு வெளிப்பட்டது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளியே தெரிந்தது. முயல் ஓடிய மேடு ஆழ்பள்ளமானது. அதையொட்டி வட்டம் வட்டமாகக் குடியிருப்புகளும் சாலையோர மரங்களும் எழுந்தன. தோண்டிக் கொட்டிய மண்மேடுகளில் மரம் நட்டார்கள். அந்தப் பசுமையில் இப்போது மயிலும் முயலும் கீரியும் வாழ்கின்றன. நிலக்கரியின் அடியில் அழுத்தும் நீரை இறைத்து வெளியேற்றுவதால் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நீர் போகிறது. அங்கே பறவைகளும் கூடுகின்றன.

இரண்டாவது காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடத் தொடக்கத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் தர இடமிருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாசலை மூடியது. 2022இல் மீண்டும் திருத்தப்பட்டு, அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முயலும் கௌதாரியும் இப்போது இரண்டாம் அட்டவணையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அச்சட்டத்தின்படி துப்பாக்கியால் சுடுவது மட்டுமே வேட்டை அல்ல. விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அதற்கான முயற்சியும் வேட்டைதான். "நான் சுடவில்லை, நாய்தான் பிடித்தது" என்ற சமாதானம் செல்லாது.

சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்தில் ஒரு குரல் ஒலித்திருக்கிறது. நெய்வேலியை அடுத்த வடலூரில் 1867இல் தருமச்சாலையும் 1872இல் சத்திய ஞானசபையும் கண்ட வள்ளலார், கொல்லாமையைத் தம் நெறியின் வேராக வைத்தார். வேட்டை ஒழிந்தது நட்டம் என்று நான் நினைக்கவில்லை. புதரிலும் ஏரியிலும் மிஞ்சியிருக்கும் உயிர்கள் விளையாட்டுக்குச் சாகத் தேவையில்லை.

ஆனால் வேட்டையோடு சேர்த்து வேட்டைக்காரரின் அறிவையும் தொலைத்துவிட்டோம். அன்று, இந்த மண்ணில் இந்த வேலைக்கு இந்த நாய் என்று தேர்ந்தார்கள். இன்று படத்தைப் பார்த்துத் தேர்கிறோம். பறவை எடுத்துவரப் பிறந்த லேப்ரடார் பலர் வீட்டில் பந்துகூட எடுக்காமல், தின்று பெருத்து, இடுப்பு மூட்டு நோயோடு படுத்திருக்கிறது. அதன் அடர்ந்த இரட்டை ரோமம் பனிநீருக்கானது. கத்திரி வெயிலில் மூன்று ஷிப்டும் வேலைக்குப் போகும் குடும்பத்தின் மூடிய வீட்டுக்கானது அல்ல. சைபீரியன் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் படும் பாடு இன்னும் கொடியது. நம் வெப்பத்துக்குப் பொருந்தாத வெளிநாட்டு இனங்கள் சிலவற்றை இனப்பெருக்கம் செய்யத் தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை தடை விதித்தது இதனால்தான்.

நாட்டு இனங்களுக்கு இன்று கிடைத்திருக்கும் மதிப்பு மகிழ்ச்சி தருகிறது. சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்திலேயே கால்நடைத் துறை நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005 ஜனவரியில் வந்த அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்கள் ஒலித்தன. அதன் பிறகு பெருமைக்காகச் சிப்பிப்பாறை வாங்கி, நாலடிச் சங்கிலியில் கட்டிப்போடுகிறவர்களும் பெருகினார்கள். ஓடவே படைக்கப்பட்ட உடம்பைக் கட்டிவைத்தால் அந்த வேகமெல்லாம் வெறியாக மாறும். விடியற்காலையில் அவிழ்த்துவிட்டால் மயிலையும் முயலையும் துரத்தும். சட்டத்தின் முன் நிற்கப்போவது வளர்த்தவர்தான்.

கலப்பினம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். லேப்ரடாரின் சாது குணமும் சிப்பிப்பாறையின் உடல்வாகும் ஒன்றாகக் கிடைக்காதா என்பது அவர்கள் ஆசை. கிடைக்கலாம், விரட்டும் வெறியும் வெயில் தாங்காத ரோமமும் ஒன்றாகக் கிடைக்கவும் கூடும். ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகளே ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ட்வீட்மவுத் பல தலைமுறை எடுத்துச் செய்த வேலையை ஒரே இணைப்பில் முடித்துத் தருவதாக ஒரு வியாபாரி சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை மாறினாலும் நாயின் திறமை வீணாக வேண்டியதில்லை. இந்தியாவில் 2008 முதல் மோப்ப நாய்களுக்குப் பயிற்சி தந்து வனத்துறைக்கு அளிக்கிறார்கள். புலித்தோலையும் மறைத்த இறைச்சியையும் அவை காட்டிக்கொடுக்கின்றன. வேட்டைக்காரனுக்கு உதவிய மூக்கு இன்று கள்ள வேட்டைக்காரனைப் பிடிக்கிறது. காவலும் நமக்குப் பழையதுதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, வீரனோடு சேர்த்துக் கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற அவன் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது.

நெய்வேலியில் நாய் எடுக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எடுத்துவரும் நாய்தான் வேண்டுமென்றால் லேப்ரடாரோ கோல்டனோ எடுங்கள்; ஆனால் துணி சுற்றிய கட்டையை எறிந்து தினமும் வெயிலுக்கு முன் அரை மணி நேரம் வேலை கொடுக்க முடியுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். குட்டியிடமும் ஒரு துணிப்பந்தை உருட்டிப் பாருங்கள். ஓடிக் கவ்வி உங்களிடம் திரும்பி வருகிற குட்டியே அந்த வேலைக்கு ஆகும். ஓட்ட நாய் வேண்டுமென்றால் வேலியிட்ட திடல் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை ராஜபாளையக் குட்டியின் பின்னால் நின்று கைதட்டுங்கள். அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. தாயையும் முடிந்தால் கடுவனையும் நேரில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன, அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். இவற்றில் எதற்கும் வசதியில்லை என்றால் தெருவில் பிறந்த ஒரு நாட்டுக்குட்டியை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளருங்கள். இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் அதைவிடப் பழகிய நாய் வேறில்லை. எதை எடுத்தாலும், கொடுக்க வேலையும் நேரமும் இல்லாத வீட்டுக்கு ஒரு நாயைக் கொண்டுவராதீர்கள்.