அற்பப் பொருளும் அறமும்

அருள்மறையின் 107ஆவது அத்தியாயம் ‘அல்மாஊன்’ எனப் பெயர் பெற்றது. ஏழே வசனங்கள், தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சிறிய சூரா. அநாதையை விரட்டுவோரையும், தொழுகையில் பராமுகமாக இருப்போரையும், பிறர் காணவேண்டுமென்று தொழுவோரையும் கண்டித்துவிட்டு, ‘மாஊன்’ கொடாது தடுப்போரையும் அவர்களோடு சேர்த்தே அது முடிகிறது.

மாஊன் என்பது யாது? ஜகாத் என விளக்கம் கூறிய ஸஹாபாக்கள் உண்டு. ஆயினும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், வாளி, சமையல் சட்டி போன்று அண்டை வீட்டார் தமக்குள் கொடுத்து வாங்கும் புழங்குபொருள்களையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் தாங்கள் மாஊன் என்று கருதி வந்ததாக அறிவித்துள்ளார்கள். இரவலாகக் கேட்கப்படும் சட்டியையே மறுக்கலாகாது எனில், நமக்குத் தேவையே இல்லாமல் பரணில் கிடக்கும் பொருளைப் பற்றி என்ன சொல்வது!

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பரணை ஒருமுறை நோக்குங்கள். வளர்ந்துவிட்ட பிள்ளையின் தொட்டில், சீராக வந்து உறை பிரிக்கப்படாத பாத்திரங்கள், துருவேறும் தையல் இயந்திரம். அந்த இயந்திரம் நம் தெருவிலேயே ஒரு விதவைச் சகோதரியின் பிழைப்பாக ஆகியிருக்கக்கூடும்.

ஆனால் எதைக் கொடுப்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம். மதீனாவின் அன்ஸாரிகள், ஏழைகள் உண்பதற்காகப் பேரீச்சங்குலைகளைக் கொணர்ந்து மஸ்ஜிதுன் நபவியில் தொங்கவிடுவது வழக்கம். சிலர் சொத்தையும் உதிர்ந்ததுமான குலைகளைக் கொணர்ந்தனர். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267ஆவது வசனம் இறங்கியதாக பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளைத் தர்மத்துக்கென்று தேடவேண்டாமென அவ்வசனம் தடுக்கிறது. பொத்தானற்ற சட்டையையும் கைப்பிடி போன சட்டியையும் மூட்டை கட்டுமுன் இதனை நினையுங்கள். பொத்தானைத் தைத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ரமலானில் இவ்வாறு கொடுத்தவற்றை ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்வோர் சிலர் உளர். எச்சரிக்கை வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் பணத்துக்குரிய ஜகாத்தைப் பணமாகவே கொடுத்தல் வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பொருளாகத் தர இடமுண்டு. எனினும் அப்பொருள் இன்று சந்தையில் என்ன விலை பெறுமோ அதுவே கணக்கு. நாம் வாங்கிய விலையன்று.

கொடுத்த பின் அப்பொருளின்மீது கண் வைப்பதும் கூடாது. உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்குக் குதிரை வழங்கினார்கள். பெற்றவர் அதனைச் சரிவரப் பேணவில்லை. மலிவாக விற்றுவிடுவார் எனக் கருதி, தாமே அதை வாங்க நாடினார்கள். ஒரு திர்ஹமுக்குத் தந்தாலும் வாங்கவேண்டாமென அண்ணலார் (ஸல்) தடுத்துவிட்டார்கள். விலை கொடுத்து வாங்குவதற்கே இந்தத் தடை! அப்படியிருக்க, “நான் தந்த இயந்திரத்தை ஏன் விற்றாய்?” என்று ஓர் ஏழையைத் தெருவில் நிறுத்திக் கேட்க நமக்கு ஏது உரிமை?

திருமணங்களுக்கென அண்டாக்களையும் தேக்சாக்களையும் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் பல. அவற்றின் அருகிலேயே மஹல்லாவாசிகள் தரும் நற்பொருள்களுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கலாம். தந்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அறிவிப்புப் பலகையில் ஏறவேண்டாம். பொறுப்பாளர் ஒருவர் அறிந்திருந்தால் போதும்.