கடைசி முட்டை ஏன் சிறுக்கிறது?

மறந்துபோன தட்டைப்பயறு டப்பாவைத் திறந்தால், பயறின் மேல் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அவை பயறு வண்டின் முட்டைகள். நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். இட்டவுடன் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கும். புழு முட்டையின் அடிவழியாகவே பயறைக் குடைந்து உள்ளே போகையில், பின்னால் தள்ளும் தூள் ஓட்டுக்குள் நிரம்பி அதை வெளுக்கச் செய்கிறது. ஒரே தாய் இட்ட முட்டைகளை நாள்வாரியாக அளந்தால், பிந்தியவை முந்தியவற்றைவிடச் சிறியவை. தாய்க்கு வயதாகிவிட்டது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் முட்டையைச் சிறுக்க வைப்பது வயதைவிடக் கையிருப்பு என்றே நான் நினைக்கிறேன். வளர்ந்த வண்டு பயறைத் தின்பதில்லை. புழுப் பருவத்தில் உடம்பில் சேர்த்ததை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, பல பத்து முட்டைகளை இட்டு முடிக்கிறது. எடுக்க எடுக்கக் குறையும் குதிர் அது.

வயதுதான் காரணமென்றால் ஆப்பிரிக்காவின் செட்சி ஈயிலும் தலைப்பிள்ளையே பெரிதாக இருக்கவேண்டும். அங்கே தலைப்பிள்ளைதான் சிறியது. இந்த ஈ முட்டையிடுவதில்லை. ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் பால் சுரந்து வளர்த்து, ஏறத்தாழ 9 நாளுக்கு ஒன்றாக ஈனுகிறது. பிறக்கும் புழுவின் எடை ஏறக்குறையத் தாயின் எடை! இளம் ஈ குடிக்கும் முதல் சில வேளை இரத்தத்தில் ஒரு பங்கு அதன் பறக்கும் தசைகளைக் கட்டவே போய்விடுகிறது; பிள்ளைக்கு மிஞ்சுவது குறைவு. தசை முற்றியபின் அடுத்தவை பருக்கின்றன. ஆய்வகத்தில் மிக முதிர்ந்த தாய்களின் புழுக்கள் மறுபடி இளைப்பது உண்மை. ஆகவே மூப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது தாமதமாக வந்து சேரும் காரணம், அவ்வளவுதான்.

நாளை உயிரோடிருப்போமா என்பது உறுதியில்லாததால் முதல் பிள்ளைகளுக்கே தாய் அதிகம் கொடுக்கிறாள் என்று வாதிடுவோர் உண்டு. வண்டுக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் ஆபத்து செட்சி ஈக்கும் உண்டே. அது ஏன் முதலில் குறைவாகக் கொடுக்கிறது? இன்னொரு கேள்வி: முட்டை சிறுத்தால் என்ன நட்டம்? வண்டுப் புழுவுக்கு அவ்வளவு நட்டமில்லை. சுற்றிலும் பயறு இருக்கிறது. வளரும் நாட்களைச் சற்று நீட்டி ஈடுகட்டிக்கொள்ளும். செட்சிப் புழுவுக்கு அந்த வழி இல்லை. பிறந்ததும் மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாக இறுகி, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஈயாக வெளிவந்து, முதல் இரத்தம் கிடைக்கும்வரை தாய் கொடுத்த கொழுப்பில்தான் அது உயிர் தரிக்கிறது.