புதுப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வீட்டை அலங்கரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பல வீடுகளில் பேச்சு தொடங்கிவிடுகிறது. "இந்த வருஷம் ஹாலை மாத்திடலாம்பா" என்று மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவாள். சுவர் முழுக்க வரிவரியான மரநிறப் பலகை, அதன் நடுவே தொலைக்காட்சி, கூரையோரத்தில் மறைந்து ஒளிரும் விளக்கு. அம்மாவுக்கு அழகான சாமி மேடை வேண்டும். அப்பா, எவ்வளவு வரும் என்று கேட்பார்.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இது பெரிய கேள்வியாக இருந்ததில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் புதிய ரப்பர் பாய், சன்னலுக்குப் புதுத் திரைச்சீலை என்று வேலை முடிந்துவிடும். கூரை ஒழுகினால் அன்றே தெரிந்தது. பலகையில் கரையான் ஏறினால் மண்கோடு கண்ணில் பட்டது.

இன்று பரவியிருக்கும் அலங்கார முறை பெரும்பாலும் மூடுவதுதான். பழைய சுவரை உடைக்காமல் அதன்மேல் பலகை, பழைய ஓட்டுத் தரையைப் பெயர்க்காமல் அதன்மேல் புதுத் தரை, சிமெண்டுக் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை. தூசி குறைவு, சில நாளில் வேலை முடியும், உடைத்துக் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. மலிவு விலை அடுக்குமாடியிலும் சிறிய தரைவீட்டிலும் இருப்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் மூடியபின் உள்ளே நடப்பது வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. கவனம் வேண்டியது அங்கேதான்.

சுவர்

வரிப்பலகை பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாம் ஒரே பொருள் அல்ல. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. ஈரம் பட்டால் உப்பிவிடும். டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. பி.வி.சி. முழுக்கப் பிளாஸ்டிக். பின்னிரண்டும் தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் பலகை தாங்கினாலும் சுவரில் இருக்கும் ஈரம் போய்விடாது; பின்னால் பூஞ்சணம் பிடித்து அறையில் ஒரு வாடை வரும்.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் இறுக்கமாகச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். உட்பக்கம் நீர்த்துளி கட்டினால் சுவர் இன்னும் ஈரம். முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும், பலகை அப்புறம்.

செங்கல் போன்ற வடிவில் ஒட்டும் நுரைத் தாள்கள் விலை குறைவு. ஆனால் அவை எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் ஒட்டவே கூடாது.

தரை

எஸ்.பி.சி. எனப்படும் தரைப்பலகை சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் பழைய ஓட்டின் மேலேயே போடலாம். தண்ணீர் சிந்தினாலும் உப்பாது. லேமினேட் தரை அப்படியல்ல. அதன் உள்பாகம் அழுத்திய மரநார் என்பதால் ஈரத்தில் ஓரங்கள் உப்பிவிடும்.

போடுவதற்கு முன் பழைய ஓடுகளை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது நல்லது. "டொக் டொக்" என்று வெற்றொலி வந்தால் ஓடு தரையைவிட்டுக் கழன்றிருக்கிறது. அதன்மேல் போட்டால் நடக்கும்போது பலகை அமுங்கும், பூட்டு உடையும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் அடியில் தேங்கிவிடும். பிழிந்த துணியால் துடைப்பதே போதும்.

கூரை

பிளாஸ்டர் கூரை போட்டால் அறையின் உயரம் குறையும். தாழ்வான கூரையுள்ள வீட்டில் ஓரத்தில் மட்டும் போட்டு நடுவை அப்படியே விடுவது காற்றோட்டத்துக்கு நல்லது. காற்றாடியின் கொக்கி பிளாஸ்டர் பலகையில் அல்ல, மேலே உள்ள சிமெண்டுத் தளத்திலோ உத்திரத்திலோதான் பொருத்தப்பட வேண்டும். மறைவிளக்குக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி பழுதானால் மாற்ற, கை நுழையும் அளவு ஒரு திறப்பு விட்டிருக்க வேண்டும். புதிய மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரே செய்ய வேண்டும்.

சமையலறை

துகள்பலகை கெபினெட் விலை குறைவு, ஆனால் தண்ணீருக்கும் கரையானுக்கும் தாங்காது. ஒட்டுப்பலகை அதைவிட உறுதி. இப்போது முழு அலுமினிய கெபினெட் பல வீடுகளில் இடம்பிடித்திருப்பதற்குக் காரணம், கரையான் அதை அரிக்காது, தண்ணீரில் ஊறாது. எதுவாக இருந்தாலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாயைப் பார்க்கும்படி பின்பலகையில் ஒரு திறப்பு வேண்டும். படத்தில் அழகாகத் தெரியும் திறந்த தட்டுகள், தினமும் தாளித்துப் பொரிக்கும் வீட்டில் சில வாரங்களிலேயே எண்ணெய்ப் பிசுக்கேறிவிடும்.

சாமி மேடை

பூவேலை வெட்டிய பலகையும் பின்னால் விளக்கொளியும் கொண்ட சாமி மேடைகள் இப்போது பிரபலம். பல மேடைகள் பெட்டிபோல் மேலே மூடியிருக்கின்றன. விளக்கின் சூடு மேலே போய்த் தங்குமிடம் அதுதான். விளக்கு வைக்கும் தளமும் அதன் பின்சுவரும் கருங்கல் அல்லது ஓடாக இருக்கட்டும்; விளக்குக்கு மேலே தட்டு வேண்டாம்; திரைச்சீலை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். பி.வி.சி. பலகை எரிந்தால் வரும் புகை மூச்சுக்கு மிகவும் கெடுதலானது.

காலக்கெடுவும் பணமும்

மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்கிய வீடானால், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் வரை கட்டுமானக் குறைகளை அவர்தான் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சாவி வாங்கிய கையோடு சுவரையும் கூரையையும் மூடிவிட்டால், வெடிப்பும் கசிவும் உள்ளே மறைந்திருக்கும்போதே அந்தக் கெடு கடந்துவிடும். ஒரு மழைக்காலத்தையாவது பார்த்து, குறைகளை எழுத்துமூலம் தெரிவித்து, சரிசெய்த பிறகு அலங்கரிப்பதே லாபம்.

அடுக்குமாடியில் சீரமைப்பு வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். மேல்மாடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கிடைத்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் கசிவு தீராமல் கீழே பிளாஸ்டர் கூரை போட்டால் பணம்தான் வீண்.

குத்தகையாளரிடம் பேசும்போது பொருளின் பெயர், தடிப்பு, அளவு, முடியும் தேதி எல்லாம் தாளில் இருக்க வேண்டும். "நல்ல பலகைதாண்ணே" என்ற வாய்ச்சொல் பின்னர் உதவாது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காமல், வேலை நகர நகரக் கொடுப்பது பாதுகாப்பு. ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கையை 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். ரசீதும் ஒப்பந்தத் தாளும் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கடைசியாகக் காசில்லாத ஒரு வேலை. பலகை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் மகளின் கைப்பேசியிலேயே படம் எடுத்து வைக்க வேண்டும். கம்பி எங்கே போகிறது, குழாய் எங்கே திரும்புகிறது என்பது தெரியும்படி. நாளை எங்காவது ஒழுகினால், முழுச் சுவரையும் பிரிக்காமல் எந்த இடத்தைத் திறப்பது என்று அந்தப் படம் சொல்லும்.